மனு வாங்கும் மேசையில் தொடங்குகிறது பந்தோபஸ்து

கோவை செஞ்சிலுவைச் சங்கக் கட்டடம் முன்பு, சிவானந்தா காலனி, திருப்பூர் மாநகராட்சி அலுவலகம் முன்பு, சேலம் கோட்டை மைதானம். ஆர்ப்பாட்டம் என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வரும் இடங்கள் இவை. யார் நின்றுவிட்டுப் போனாலும் பின்னாலேயே ஒரு பேச்சு எழும்: "அவங்கன்னா விட்டுடறாங்க, நம்மளைன்னா தூக்கிடறாங்க." இந்து அமைப்புக்காரர்கள் சொல்வதும் இதுதான், முஸ்லிம் அமைப்புக்காரர்கள் சொல்வதும் இதுதான். இரண்டு பேரும் வெறுமனே சொல்வதாக நான் நினைக்கவில்லை. லத்தி ஓங்கிய நிமிடத்தை மட்டும் வைத்துப் பேசுகிறோம் என்பதுதான் குறை. சாய்வு இருந்தால் அது ஐந்து நாள் முன்னாலேயே, மனு வாங்கும் மேசையில் உள்ளே வந்துவிடுகிறது.

மாநகரக் காவல் எல்லையில் கூட்டமோ ஊர்வலமோ நடத்த நகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் மனு கொடுக்க வேண்டும், அதுவும் ஐந்து நாள் முன்பாக. மாவட்டப் பகுதிகளில் 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம், 30(2). மனுவில் நாள், நேரம், இடம் அல்லது வழித்தடம், எதிர்பார்க்கும் ஆட்கள், ஒலிபெருக்கி விவரம், பேசுவோர் பெயர், பொறுப்பேற்பவர் கைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் "விவரம் முழுமையாக இல்லை" என்று திருப்பிவிட வழி கொடுத்ததாகிவிடும்.

கெட்டுப்போகும் இடம் இதற்கு அடுத்தது. மனு வாங்கியதற்கு ரசீது தர மாட்டார்கள். "பார்த்துச் சொல்றமுங்க" என்று நான்கு நாள் ஓடும். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு, 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளதால் அனுமதி மறுக்கப்படுகிறது' என்று ஒரு வரி வரும். நீதிமன்றத்துக்குப் போக நேரம் இருக்காது. ஒரு தரப்புக்கு முதல் நாளே வாய்மொழியாகச் சரி என்றும் இன்னொரு தரப்புக்கு இரவு ஒன்பது மணிக்கு இந்த ஒரு வரியும் என்றால் லத்தியே தேவையில்லை, பாரபட்சம் நடந்து முடிந்துவிட்டது. எனவே மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மறுப்பு வந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல்காரர்கள் சென்னைக்கு ஓட வேண்டும்; கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. பயண நேரத்தையும் கணக்கில் வைத்து மனு கொடுப்பது நல்லது.

சாலையில் கூடுவதை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடை செய்யும் வரம்பில்லாத அதிகாரம் போலீசுக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் சொல்லிவிட்டது. கூட்டம் கூடத் தடை போடும் உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 163. அந்த உத்தரவு போட்டால் காரணமான உண்மைகளை எழுத வேண்டும், அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் அனுராதா பாசின் தீர்ப்பு.

ஆனால் இந்த விஷயத்தில் நம் மண்ணின் வழக்கு இன்னும் பழையது. சேலத்தில் பள்ளிவாசல் வழியாக மேளத்தோடு சாமி ஊர்வலம் போவது பற்றிய தகராறு 1882-ல் கலவரமாக வெடித்தது. பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சேலம் விஜயராகவாச்சாரியார் மீதே கலவரத்தைத் தூண்டியதாக வழக்குப் போட்டு தண்டனையும் கொடுத்தார்கள்; உயர் நீதிமன்றத்தில் போராடி விடுதலையானார். ஊர்வல உரிமை பற்றி சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சுந்தரம் செட்டி வழக்கில் 1883-ல் சொன்னதன் சாரம் இது: பொதுத்தெரு எல்லா மதத்தாருக்கும் பொது. மாஜிஸ்திரேட் தன் அதிகாரத்தை உரிமையைக் காக்கவே முதலில் பயன்படுத்த வேண்டும், உரிமையை நிறுத்தி வைப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். மிரட்டுகிறவனுக்குப் பயந்து சட்டப்படி போகிறவனைத் தடுக்காதே என்று பொருள். பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் கோயில் ஊர்வல வழக்கில் 2021-ல் உயர் நீதிமன்றம் சொன்னதும் இதே வழிதான்: ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் என்பது அடுத்த மதத்தாரின் ஊர்வலத்தை மறுக்கக் காரணம் ஆகாது.

2022 அக்டோபர் 2-ஆம் தேதி ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்புக்கு அனுமதி மறுத்தார்கள். அதே நாளில் விடுதலைச் சிறுத்தைகள் கேட்ட மனிதச் சங்கிலிக்கும் மறுத்தார்கள். இரண்டு பேருக்கும் 'இல்லை' என்றதால் அது நடுநிலை ஆகிவிடுமா? என் கணக்கில் ஆகாது. இரண்டு உரிமைகளைக் காக்க வேண்டிய வேலையை இரண்டு கதவுகளைச் சாத்தி முடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அணிவகுப்பு வழக்கில் மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை வரவேற்றவர்கள் நாளைக்குக் கோவை உக்கடத்திலோ ஆத்துப்பாலத்திலோ ஒரு ஜமாஅத் கேட்கும் அனுமதிக்கும் அதே தீர்ப்பு பொருந்தும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்த்தவர்களுக்கும் இதே சொல்தான்.

ஒரு ஸ்டேஷன் எப்படி நடக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, ஓராண்டில் வந்த மனுக்கள், அனுமதித்தவை, மறுத்தவை, உத்தரவு கொடுத்த தேதி, விதித்த நிபந்தனைகள் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். பதில் தர 30 நாள். உளவுக் குறிப்பு கிடைக்காது. உத்தரவு நகல் கேட்கலாம். ஒரே சாலை, ஒரே அளவு கூட்டம். ஒருவருக்கு 6 நிபந்தனை, இன்னொருவருக்கு 20 என்றால் கேள்வி கேட்கக் கையில் தாள் இருக்கிறது.

இனி அன்றைய நாள். இரண்டு எதிர்த்தரப்பு ஒரே நேரத்தில் நிற்கும்போது போலீஸ் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறது என்று கவனியுங்கள். ஒரே ஒரு வரிசை போட்டால் ஒரு கூட்டத்துக்கு முகமும் மறு கூட்டத்துக்கு முதுகும் தெரியும். முதுகு பார்க்கிறவர் 'இவங்க நம்ம ஆளுங்க' என்பார், முகம் பார்க்கிறவர் 'நம்மை அடிக்க வந்திருக்காங்க' என்பார். எந்த ஆய்வாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது மாறாது. இரண்டு வரிசை, முதுகோடு முதுகு, நடுவே கல் எறிந்தால் எட்டாத இடைவெளி, அதில் பேரிகார்டு இரண்டு அடுக்கு. ஆள் போதவில்லை என்றால் நேரத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், இடைவெளியைக் குறைக்கக் கூடாது. ஊர்வலம் என்றால் படை முழுதும் முன்னால் போகும் வண்டியோடு நகர்ந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. கூட்டத்தின் வால் கடந்த பிறகே பின்னால் கடைகளில் கை வைப்பார்கள். 2016 செப்டம்பரில், கொல்லப்பட்ட இந்து முன்னணி நிர்வாகி சசிகுமாரின் உடலோடு துடியலூர் வரை போன இறுதி ஊர்வலத்தின்போது கோவையில் கடைகள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது.

கலைக்கும் உத்தரவை யார் போடலாம்? பி.என்.எஸ்.எஸ். 148-இன்படி நிர்வாக நடுவர் அல்லது நிலைய அதிகாரி. அவர் இல்லாவிட்டால் எஸ்.ஐ.க்குக் குறையாதவர். ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்கும்படி எச்சரித்து, கலைய அவகாசம் கொடுத்து, போக ஒரு வழி திறந்து வைத்த பிறகே பலப்பிரயோகம். நான்கு பக்கமும் அடைத்துவிட்டுக் கலைந்து போ என்றால் யார் எங்கே போவது? லத்தி இடுப்புக்குக் கீழே. கண்ணீர்ப் புகைக் குண்டை ஆளைக் குறிபார்த்துச் சுடக் கூடாது. எச்சரிக்கையிலிருந்து கடைசி வரை வீடியோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அடி விழும் நேரத்தில் நின்றுவிடக் கூடாது.

எச்சரிக்கும் மொழியை நான் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். நம் ஊரில் 'ங்க' இல்லாத பேச்சு ஒரு அடிக்குச் சமம். ஒரு கூட்டத்திடம் "அண்ணா, இந்த முக்கோட நிறுத்திக்கிடுங்க" என்றும், அடுத்த கூட்டத்திடம் "டேய் பாய், தள்ளிப் போடா" என்றும் சொன்னால், அந்தக் காவலர் எந்தச் சட்டப்பிரிவையும் மீறாமலே ஒரு மதத்தாரைத் தாழ்த்திவிட்டார். எந்த அறிக்கையிலும் அது பதிவாகாது, கேட்டவர் மனதில் மட்டும் வருடக்கணக்கில் நிற்கும். அறிவிப்பு வாசகத்தை முன்பே எழுதி, எல்லாருக்கும் அதையே படிப்பதுதான் இதற்கு மருந்து.

காவலரின் சொந்த மத அடையாளம் பற்றிய பேச்சும் அடிக்கடி வருகிறது. திருநீறு, கையில் கயிறு, தாடி. முஸ்லிம் காவலர் தாடி வைக்க 1957-ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெசட்டே இடம் தருகிறது என்று 2024-ல் உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. நெற்றியில் இருக்கும் குறியை விட சட்டையில் இல்லாமல் போகும் பெயர்ப்பட்டைதான் எனக்குக் கவலை. கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 36. சட்டைக்கு மேல் பாதுகாப்புக் கவசம் மாட்டியதும் பட்டை மறைந்துவிடுகிறது. கவசத்தின் முன்னும் பின்னும், தலைக்கவசத்திலும் எண் இருந்தால் எந்த மதத்துக் காவலர் என்ற கேள்விக்கு வேலையில்லை. எந்த எண் அடித்தது என்று கேட்டால் போதும்.

காவல் உடையே காயம்பட்டு நிற்கும் நாளும் வரும். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். சக காவலர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தொடர்ந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர் போயிற்று. ஒன்று மற்றொன்றை நியாயப்படுத்தாது. ஆனால் தோழனைப் பறிகொடுத்த படையை, அதே இரவில், அதே தெருவில் நிறுத்தக் கூடாது. அவர்களை உள்ளே அழைத்துவிட்டு வெளியூர் ஆட்களை இறக்க வேண்டும். இன்று கோவைப்புதூரில் சிறப்புக் காவல் படையின் 4-ஆம் அணியும், வெள்ளலூரில் மத்திய அதிவிரைவுப் படையின் 105-ஆவது பட்டாலியனும் இருக்கின்றன, ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

முதல் தகவல் அறிக்கையில் வார்த்தையைப் பாருங்கள். ஒரு கூட்டத்தை 'அடையாளம் தெரியாத சிலர்' என்றும் இன்னொன்றை மதப் பெயரோடும் எழுதுவது வழக்கை நடத்தும் முன்பே தீர்ப்பு எழுதுவது. வெறுப்புப் பேச்சுக்குப் புகாருக்குக் காத்திராமல், பேசியவர் எந்த மதம் என்று பார்க்காமல் வழக்குப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

கடைசியாகக் கல்யாண மண்டபம். கைதானவர்களை மண்டபத்தில் உட்கார வைத்து, பொட்டலச் சாப்பாடு கொடுத்து, பொழுது சாய விடுவிப்பது இங்கே நடைமுறை. முன்னெச்சரிக்கைக் கைது என்றால் பி.என்.எஸ்.எஸ். 170, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. ஒரே வகைச் செயலுக்கு ஒருவருக்கு மண்டபம், இன்னொருவருக்கு ரிமாண்ட், அதாவது சிறைக்காவல், என்றால் வக்கீல் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். உள்ளே தொழுகைக்கு இடம், நோன்பு திறக்க நேரம், சைவச் சாப்பாடு, பெண்களுக்குப் பெண் காவலர், எல்லாம் கேட்டுப் பெறலாம். மாலையில் விடும்போது நீட்டுகிற தாளில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது, எத்தனை மணிக்குப் பிடித்ததாக இருக்கிறது என்று படியுங்கள். வெற்றுத் தாள் என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். பெயர்ப் பட்டியலை ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.