பல்லைக் கடித்துக்கொண்டு

கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றுதான் பாளையங்கோட்டையில் பல் டாக்டரிடம் போனேன். சொத்தை எதுவும் இல்லை. "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா? எல்லாம் தேஞ்சிருக்கே. மனசுல ஏதாவது கவலையா?" என்றார். "அப்படி ஒண்ணுமில்ல, ஆண்டவர் நல்லா நடத்துறார்" என்றேன். பஸ்ஸில் வரும்போதுதான் அண்ணன் முகம் கண்ணில் வந்து நின்றது.

அம்மா பக்கவாதத்தில் மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தாள். துணி மாற்றியதும், புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போட்டதும் நான். அண்ணன் சென்னையிலிருந்து கிறிஸ்மஸுக்கு வருவான், போவான். அடக்க ஆராதனையில் எழுந்து, "பிள்ளைங்க எல்லாரும் சேந்து அம்மாவக் கண்ணா பாத்துக்கிட்டோம்" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகும் அவனிடம் ஒரு சுடுசொல் பேசியதில்லை. பொங்கி வந்தால் "ஸ்தோத்திரம்" என்று சொல்லி விழுங்கிவிடுவேன். அதைச் சாந்தகுணம் என்றே நம்பினேன்.

எங்கள் சபைப் போதகரின் மனைவி ஐயரம்மாவிடம் இதைச் சொல்லவே ஒரு மாதம் ஆயிற்று. அவர்கள் புத்தி சொல்லவில்லை. வேதாகமத்தில் 39-ஆம் சங்கீதத்தை எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார்கள். "நான் மவுனமாகி, ஊமையனாயிருந்தேன்" என்று தொடங்கி, "என் இருதயம் எனக்குள்ளே அனல்கொண்டது" என்ற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. "கோபமே வரக்கூடாதுன்னு பவுல் எழுதல. கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்னுதான் எபேசியர் 4:26-ல இருக்கு. ஆண்டவருக்குத் தெரிஞ்சதை அவர்கிட்டயே ஏன் மறைக்கணும்?" என்றார்கள்.

அன்று ராத்திரி கதவைச் சாத்தி முழங்காலில் நின்றேன். "கிருபை நிறைந்த பிதாவே" என்று பழகின வார்த்தைகளே வந்தன. கடைசியில், "அவன் பொய் சொன்னான் ஆண்டவரே. உங்க சமுகத்துல நின்னு பொய் சொன்னான்" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் முழுக்க இப்படித்தான் போயிற்று. போகப் போக, அண்ணன்மேல் இருந்த கோபத்துக்குக் கீழே வேறொன்று கிடந்தது தெரிந்தது. பணிவிடை செய்த என்னிடமே அம்மா தினமும், "பெரியவன் எப்ப வருவான்?" என்று கேட்பாள். செத்துப்போன தாய்மேல் கோபம் என்று ஒத்துக்கொள்வதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. அதற்காக அழுதது போல அவள் அடக்கத்தன்றுகூட அழவில்லை.

பிறகுதான் மத்தேயு 18:15-க்கு வந்தேன். உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்த சகோதரனிடம் போய் அதை அவனுக்கு உணர்த்து என்கிற வசனம். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று அதில் தெளிவாக இருக்கிறது. சித்தியிடம் அவனைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வதை முதலில் நிறுத்தினேன். (கை நீட்டி அடிக்கிறவனிடம் தனியாகப் போய்ப் பேசச் சொல்லி இந்த வசனத்தை யாரும் எந்தப் பெண்ணுக்கும் காட்டிவிடாதீர்கள்.) சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்கு அண்ணன் வந்தபோது மொட்டைமாடியில் வைத்து, "அண்ணே, அன்னைக்கு நீ சொன்னது நெசமில்ல. எனக்கு ரொம்ப வலிச்சுது" என்றேன். கை நடுங்கியது. "அதுக்கு இப்பம் என்னட்டி?" என்று கீழே இறங்கிப் போய்விட்டான்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தான். "ஒரு நாளைக்கு எத்தன தடவ அம்மாவப் புரட்டிப் போடுவ?"

"பன்னெண்டு."

"ராத்திரியுமா?"

"ராத்திரியும்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். மன்னிப்புக் கேட்கவில்லை. டாக்டர் கொடுத்த பல் உறையை இன்னமும் மாட்டித்தான் படுக்கிறேன். வலி மட்டும் குறைந்திருக்கிறது.