தீர்த்தன் கரையோரம்: டிரவுட் மீனைத் தேடிய நடை

ஏப்ரல் 9, குஷைனி

இமாச்சலப் பிரதேசத்தின் பஞ்சாரிலிருந்து வந்த பேருந்து மாலையில் இறக்கிவிட்டபோது தீர்த்தன் ஆறு சாம்பல் நிறத்தில் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. மேலே பனி உருகும் இப்பருவத்தில் வெயில் ஏற ஏற நீர் பெருகிக் கலங்குவதும், இரவுக் குளிரில் உருகல் தணிந்து விடியற்காலையில் தெளிவதும் வழக்கம் என்பதால், இருட்டு விலகும் முன்பே கிளம்பிவிட வேண்டும். மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு பையில் இருக்கிறது. குளிர்ந்த மலையாறுகளில் வாழும் பழுப்பு டிரவுட் மீன் சரளைக் கற்களுக்கிடையே முட்டையிடும் குளிர்காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி முடிய, இமாச்சலத்தில் டிரவுட் பிடிக்கத் தடை உண்டு.

ஏப்ரல் 10

குஷைனியில் தீர்த்தனோடு கலக்கும் ஃபலாச்சன் ஓடையைப் பிடித்துக்கொண்டு பட்டாட் கிராமத்தின் திசையில் நடந்தேன். சாலையிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரியும் மடுக்களில் எல்லோரும் தூண்டில் வீசிவிடுவதால், பாதை விலகிப் போன இடத்தில் பாறைகளைப் பற்றி இறங்கினேன். நீரில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டியபோது, மணலையும் சிறு கற்களையும் ஒட்டிக் கட்டிய விரல்நகம் அளவுக் கூடுகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் வாயிலிருந்து காடிஸ் ஈயின் புழு தலையை நீட்டி உடனே உள்ளே இழுத்துக்கொண்டது. அதன் நிறத்துக்கு நெருக்கமான பழுப்பு ஃப்ளையை, அதாவது பூச்சி போலச் செய்த போலி இரையை, கட்டி, பிடித்த மீனைச் சேதமின்றி விடுவதற்காகக் கொக்கி முனையின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டேன்.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கிப் போகிறவன் அதன் முதுகுப்புறமாக வருகிறான். காவிரிக் கரையில் கெண்டைக்குத் தூண்டில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து பழகியவனுக்கு, குனிந்தும் தவழ்ந்தும் போய் ஒரு மடுவில் ஓரிரு வீச்சோடு நகர்ந்துவிடும் இந்த முறை முதலில் பொறுமையின்மையாகவே தோன்றும். ஒரு பெரும்பாறையின் பின்னால், வேகநீரும் அசைவற்ற நீரும் உரசும் கோட்டில் நூல் நின்றது. சாண் நீளம்தான், மஞ்சள் வயிறு, வெளிறிய வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். கையை நனைத்துக்கொண்டு, நீரிலேயே கொக்கியைக் கழற்றி விட்டேன்.

ஏப்ரல் 11

மழை. விடுதியிலேயே இருந்தேன்.

இந்த மீன் இமயத்துக்கு உரியதன்று. காஷ்மீரிலிருந்து வந்த முட்டைகளைக் கொண்டு, 1909ஆம் ஆண்டு குலுவில் மஹிலி என்னுமிடத்தில் ஹோவெல் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய பொரிப்பகத்தின் வழியே இங்கு பரவியது. பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் மண்ணின் மீனான குக்லியைப் பற்றி இங்கு வரும் தூண்டில்காரர்கள் கேட்பதேயில்லை. டிரவுட் இரைகொல்லி என்பதால் குக்லியின் குஞ்சுகளுக்கு அதன் வரவு நல்லதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன். இதை எழுதிக்கொண்டே நாளைக்கு ஃப்ளை தேர்ந்தெடுக்கிறேன் என்பதும் உண்மைதான்.

ஏப்ரல் 12

ரோல்லா வரை தீர்த்தன் கரையோரமாக ஏறினேன். அங்கிருந்து பெரும் இமாலய தேசியப் பூங்கா தொடங்குகிறது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அப்பகுதிக்குள் மீன்பிடிக்க அனுமதியில்லை. வழியில் வீசிப் பார்த்த இடங்களில் எதுவும் சிக்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் ஆறு மீண்டும் கலங்கிவிட்டது. எல்லைக்கு அப்பால் வளரும் மீன்கள் வெள்ளத்தோடு கீழே இறங்கி வருவதால்தான் குஷைனி மடுக்கள் இத்தனை தூண்டில்களையும் தாங்குகின்றன என்பது என் கணிப்பு. நாளை ஃபலாச்சனில் இன்னும் மேலே போகிறேன்.