மேல்மலையில் சமதளம் என்றால் பள்ளிக்கூடம்தான்

கொடைக்கானல் மேல்மலைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை என்று எந்தப் பக்கம் போனாலும் சரிவில் படி வெட்டிப் போட்ட பூண்டும் கேரட்டும்தான், பந்தை வைத்தால் உருளாமல் நிற்கிற இடம் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான். அதனால் மருத்துவ முகாமா, அங்கே. கபடிப் போட்டியா, அங்கே. தேர்தல் வந்தால் கட்சிக் கூட்டமும் அங்கேயே.

2024 ஏப்ரலில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அப்படி ஒன்று நடந்தது. எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை, எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிடும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் சனிக்கிழமையே பந்தல் கம்போடு லாரி உள்ளே வந்து குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் மழை வேறு. அத்தனை பேர் மிதித்ததில் மைதானம் நாற்று நடுகிற வயல் மாதிரி ஆகிவிட்டது. திங்கட்கிழமை பரீட்சை. என் மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனாள். வராண்டாவில் பிரியாணிப் பொட்டலம், அதோடு இரண்டு குவார்ட்டர் பாட்டில். ஆயாம்மாதான் பெருக்கித் தள்ளினார், அவருக்கு அன்றைக்கு யாரும் தனிச் சம்பளம் கொடுக்கவில்லை.

விதி என்ன சொல்கிறது என்று அப்புறம் தேடிப் படித்தேன். பள்ளி மைதானத்தில் பிரச்சாரக் கூட்டமே கூடாது என்று தேர்தல் ஆணையம் சொல்லவில்லை. படிப்பு கெடக்கூடாது, பள்ளி நிர்வாகத்துக்கு ஆட்சேபம் இருக்கக்கூடாது, அதிகாரியின் முன் அனுமதி வேண்டும், முதலில் கேட்பவருக்கு முதலில், ஒரே கட்சி மொத்தமாக வளைத்துப்போடக் கூடாது. அவ்வளவுதான். அந்தக் கணக்கில் எங்கள் ஊர்க் கூட்டம் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை ஏது வகுப்பு?

எனக்கு உறுத்துவது அந்த 'ஆட்சேபம் இல்லை' என்கிற கடிதம்தான். தலைமையாசிரியர் அரசு ஊழியர். இடமாற்ற உத்தரவு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும். வாசலில் நாலு வண்டி வந்து நின்று "சார், ஒரு கையெழுத்து" என்றால் அவர் என்ன செய்வார்? மாட்டேன் என்று சொல்ல முடியாத ஆளிடம் சம்மதம் வாங்குவதை நாம் விதி என்கிறோம். இத்தனைக்கும் அதே பள்ளிதான் வாக்குச்சாவடி. வாக்குப்பதிவு அன்று 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்டால் குற்றம். சில நாள் முன்பு அதே சுவரில் கட்சிக்காரர்கள் ஒலிபெருக்கி கட்டலாம்.

தேர்தல் இல்லாத காலத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? சைக்கிள் கொடுக்கிற விழா என்று பிள்ளைகளைக் காலை ஒன்பது மணிக்கே பனியில் உட்கார வைத்து, தலைவர் வரும்போது பன்னிரண்டு மணி ஆகி, பிறகு முக்கால் மணி நேரம் எதிர்க்கட்சியைத் திட்டுவதைக் கேட்க வைப்பதற்குப் பெயர் பிரச்சாரம் இல்லையாம், அரசு விழாவாம். (எங்கள் மேட்டில் அந்தச் சைக்கிளை ஓட்ட முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அது வேறு கதை.)

அரசியலே பள்ளிக்குள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லா வேட்பாளரையும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, கழிப்பறைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று பெற்றோர் கேட்கட்டும், முதல் ஆளாக நான் போவேன். ஒரு கட்சி மேடை போட்டுக் கொடி கட்டுவதற்குத்தான் ஆட்சேபம்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, கல்வி உரிமைச் சட்டப்படி நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் அதில் இருக்க வேண்டும். நானும் அதில் இருக்கிறேன். ஏப்ரலில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் தீர்மான நோட்டை எடுத்து, குழுவைக் கேட்காமல் எந்தக் கட்சிக்கும் மைதானம் கிடையாது என்று எழுதச் சொன்னேன். தலைமையாசிரியர் தலை நிமிராமல் வேகமாக எழுதினார். குழுவில் இருக்கிற வார்டு உறுப்பினர் பேனாவை வாங்கிவிட்டு, "எங்க கட்சிக்கும் சேர்த்தாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே."

"அப்ப கூட்டத்த எங்க போடுறது?"

"பஸ் திரும்புற எடத்துல வேன நிறுத்திப் பேசுங்கண்ணே."

"பஸ் எங்க திரும்பும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.