தண்ணீரில் வந்த கோடு

இளங்கலை இரண்டாம் ஆண்டில் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்காக நகலெடுக்கும் முறை), ஜெல் (அந்த நகல்களை மின்சாரத்தால் ஓடவிட்டுக் கோடுகளாகப் பார்க்கும் கூழ்), மறுபடியும் பிசிஆர், அவ்வளவுதான்.

பிசிஆர் செய்யும்போது ஒரு குழாயில் மட்டும் டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் விடுவோம், நெகட்டிவ் கன்ட்ரோல் என்று பெயர். ஜெல்லில் அதற்கு எதுவும் தெரியக்கூடாது. ஒரு நாள் எனக்கு அதிலும் பளிச்சென்று ஒரு கோடு. எங்கோ வெளி டிஎன்ஏ கலந்துவிட்டது, அதனால் மற்ற குழாய்களில் வந்த அழகான கோடுகளையும் நம்ப முடியாது. படத்தை மேடத்திடம் காட்டாமல் மறுநாள் சத்தமில்லாமல் திரும்பச் செய்தேன், அதற்கடுத்த நாளும் செய்தேன், கோடு போகவே இல்லை.

வாரக் கூட்டத்தில் வேறு வழியில்லாமல் காட்டினேன். "முதல்ல எப்ப வந்துச்சு?" என்றார். சொன்னேன். "நோட்டுல எங்க?" நோட்டில் இல்லை. அப்போதுதான் அவர் முகம் மாறியது. கெட்டுப்போனதை எழுதாவிட்டால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று கேட்டார். அப்புறம் தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு என் மேசைக்கே வந்து நின்றார். தண்ணீர், பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்), பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) என்று ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினோம், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் கோடு போய்விடும், ஆனால் எதனால் வந்தது என்று தெரியாமலே போகும். நான்காம் நாள் பிரைமரைப் புதிதாகக் கரைத்துப் போட்டதும் அந்த இடம் காலியாக இருந்தது. அந்த வெற்றிடத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன்!

அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஃபிராங்க் ஜூவெட், மாணவர் சார்லஸ் ஹாலுக்கு ஆய்வகத்தில் இடமும் பொருட்களும் கொடுத்து உதவினார். பட்டம் வாங்கிய மறு ஆண்டு, 1886 பிப்ரவரியில், மின்னாற்பகுப்பு மூலம் அலுமினியம் கிடைத்ததும் ஹால் அந்தச் சிறு உருண்டைகளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மேடம் ஞாபகம்தான் வரும். காட்டுவதற்கு ஒருவர் இருப்பது பெரிய விஷயம், கெட்டுப்போன ஜெல்லையும் காட்ட முடிந்தால் இன்னும் பெரிய விஷயம்.

ஆய்வகம் தேடுகிறவர்கள் பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போங்கள், சரி. கூடவே, ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் மாணவர்களைத் தனியாகப் பிடித்து, சோதனை சொதப்பினால் அன்றைக்கே போய் அவரிடம் சொல்வீர்களா என்று கேளுங்கள்.