கூடல்வாய்த் தண்ணீரும் கீரைப் பாத்தியும்

எங்கள் ஊர் வேதாரண்யத்திற்கு அருகே, காவிரியின் கடைமடையில் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதியே திறந்துவிட்டாலும் அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டிப் பார்ப்பதற்குள் பல நாள்கள் ஓடிவிடும். கொல்லையில் உள்ள அடிபம்பிலோ ஆண்டு முழுவதும் உப்புக் கரிக்கும் நீர்தான் வருகிறது. கோடை முழுக்க அதை ஊற்றி வளர்த்த தொட்டிச் செடிகளுக்கு இலை நுனி கருகிவிடும், தொட்டியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதனால் ஐப்பசி பிறந்தால் ஓட்டிலிருந்து வழியும் நீரில் ஒரு குடத்தையும் வீணாக்க எனக்கு மனம் வருவதில்லை.

அப்பாயி இருந்த காலத்தில், இரண்டு ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடல்வாயிலிருந்து கொட்டும் நீரை முற்றத்தில் அண்டா வைத்து, அதன் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டிப் பிடிப்பார்கள். ஆனால் முதல் இரண்டு மழையை அவர் தொடவே விடமாட்டார். "ஓடு மொதல்ல குளிக்கட்டும்" என்பார். மழைநீர் சுத்தமானது என்று சொல்கிறோமே, அது வானத்தில் இருக்கும்வரைதான். கோடையின் புழுதி, காக்கை, புறா, அணில் ஆகியவற்றின் எச்சம், பூனையும் எலியும் நடமாடிய தடம், மக்கிய வேப்பிலை என எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுதான் அது கீழே இறங்குகிறது. எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கும். எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சலும் வரக்கூடும். நடவுக் காலத்தில் வயலில் இறங்குவோருக்கு அந்தக் காய்ச்சலின் பெயர் புதிதல்ல. கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில், இப்போது நான் மழைநீர் பிடித்து வைக்கும் டிரம்முக்குள் கைவிடுவதில்லை.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். எங்கள் தாழ்வாரத்து ஓடு 20 அடிக்கு 15 அடி, அதாவது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். சிந்துவது, தெறிப்பது போக, ஒரு சென்டிமீட்டர் மழையிலேயே 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். அவ்வளவு எளிதாக நிரம்புவதால், ஒவ்வொரு மழையிலும் முதலில் வரும் 50 லிட்டர் அளவை வெளியே விடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. இதற்கெனத் தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை. பிவிசி குழாயின் எல்போவை, அதாவது முனையில் மாட்டும் வளைந்த துண்டை, ஒட்டாமல் வைத்திருக்கிறேன். மழை தொடங்கும்போது அதன் வாய் வாய்க்கால் பக்கம் இருக்கும், நீர் தெளிந்த பிறகு டிரம் பக்கம் திருப்புவேன். ஒருமுறை அதைத் திருப்பி வைக்க மறந்து தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் காப்பி நிறத்தில் ஒரு டிரம் நீர் நின்றது. அத்தனையும் தென்னைக்குப் போயிற்று.

மாட்டுக்கொட்டகையின் மேலுள்ள பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டிலிருந்து நான் நீர் பிடிப்பதில்லை, அது நைந்து உதிரும் நிலையில் இருக்கிறது. டிரம் வாங்கும்போதும் கவனம் வேண்டும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்பக்கூடாது. மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கிவந்த முதல் டிரம்மில் ஒரு வாரம் கழித்தும் நெடி அடித்ததால், அதை எருக்குழி ஓரத்தில் ஒதுக்கிவிட்டேன்.

இனி ஊற்றும் முறை. முல்லை, செம்பருத்தி, முருங்கை ஆகியவற்றிற்கு எப்படி ஊற்றினாலும் பெரிய கேடில்லை. கீரைக்கும் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும்தான் வேறு கணக்கு, ஏனென்றால் நாம் உண்பதே அவற்றின் இலையை. பூவாளியால் மேலே தூவினால் கூரையில் இருந்த அத்தனையும் இலை மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பாத்தியின் ஓரத்தில் சிறு வாய்க்கால் கீறி, சொம்பால் மெதுவாக, மண் இலையில் தெறிக்காதபடி வேரடியில் விடுகிறேன். பறித்த கீரையைக் கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக்குடிநீரில் மூன்று முறை அலசிய பிறகே அம்மா ஆய்வார். பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்கும் இதே விதிதான். உப்புப் பூத்த தொட்டிகளுக்கு மட்டும் அடித்துளை வழியே நீர் ஓடும் அளவுக்கு இரண்டு மூன்று முறை தாராளமாக ஊற்றுவேன். தேங்கிய உப்பு கரைந்து போகும். சத்தும் கொஞ்சம் கூடவே போய்விடும் என்பதால் அடுத்த வாரம் ஒரு கை மட்கிய எரு போட வேண்டும்.

கொசுதான் எனக்குப் பெரிய தலைகுனிவைத் தந்தது. டெங்கு ஆய்வுக்கு வீடு வீடாக வந்த பெண் எங்கள் டிரம்மின் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, நெளியும் புழுக்களை எனக்கே காட்டினார். மூடியில் குழாய்க்காக நான் வெட்டிய துளை சற்றுப் பெரிதாக இருந்ததுதான் காரணம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அவற்றிற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். அன்றே துளையைச் சுற்றிக் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். ஆடித் திரியும் அண்ணன் பிள்ளைகளை நினைத்து, மூடியின் மேல் அம்மிக்குழவியையும் ஏற்றிவைத்தேன்.

இரண்டு டிரம் நீர், நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வீதம், இருபது தொட்டிகளுக்கு நாற்பது நாள் வருகிறது. மார்கழியில் மழை விட்டால் தை முடியும்வரை ஓடும். பிறகு அடியில் தங்கிய வண்டலைத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு, உட்சுவரை மேலிருந்து கீழ்வரை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கிறேன். காலி டிரம்முக்கு எதற்கு இத்தனை பாடு என்று அம்மா கேட்பதுண்டு. டெங்கு கொசு தன் முட்டையை நீர்மட்டத்தையொட்டிய சுவரில்தான் ஒட்டுகிறது. அது காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழை நீர் பட்டதும் பொரிக்கும்.