எந்தச் செலவுக்கு எந்தப் பணம்: பசுமைத் தொழில் தொடங்கும் இளையவர்களுக்கு

வளரும் நாடுகளில் சூரிய மின்கலம், சாண எரிவாயு, கழிவு மறுசுழற்சி என்று தொழில் தொடங்கும் இளைஞர்களின் நிதி விண்ணப்பங்களில் திரும்பத் திரும்ப ஒரே பிழை வருகிறது. "50,000 டாலர் தேவை" என்று ஒற்றைத் தொகை கேட்கப்பட்டிருக்கும். அந்தத் தொகைக்குள் நான்கு வேறு தேவைகள் ஒளிந்திருக்கும்: பொருள் வேலை செய்கிறதா என்று சோதிக்க, இயந்திரம் வாங்க, சரக்கு வாங்க, தவணையில் வாங்கும் வாடிக்கையாளரின் பணம் வரும்வரை காத்திருக்க. சோதனைக்கு வங்கி கடன் தராது. அது தோற்றால் திருப்பித் தர எதுவும் மிஞ்சாது. அதற்கு மானியமோ பங்கு முதலீடோதான் பொருந்தும். இயந்திரத்தை அந்த இயந்திரத்தையே ஈடாக வைத்துக் குத்தகைக்கு எடுக்கலாம். சரக்குக்குக் குறுகிய காலக் கடன். நான்காவதுதான் பலரை வீழ்த்துகிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வீட்டுக்கான சூரிய விளக்குத் தொகுப்பு ஒன்று கிடங்குக்கு வந்து சேர 100 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விலை 150. முன்பணம் 20, மீதி 130 பதினெட்டு மாதத் தவணை, அதாவது மாதம் சுமார் 7.20. மாதம் 50 தொகுப்புகள் விற்கின்றன. கணக்கேட்டில் மாத லாபம் 2,500 டாலர். கையில் நடப்பது வேறு: ஒவ்வொரு தொகுப்புக்கும் 100 வெளியே போய் 20 மட்டுமே உள்ளே வருகிறது. முதல் மாதமே 4,000 டாலர் பள்ளம். அடுத்த மாதத்திலிருந்து தவணை சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கினாலும், மாத வரவு மாதச் செலவை எட்ட 13-ஆம் மாதம் ஆகிறது. அதற்குள் மொத்தப் பள்ளம் சுமார் 24,000 டாலர். தவணையில் 10 விழுக்காடு வசூலாகாமல் போனால் அது 26,650. சரக்குக்கு மூன்று மாதம் முன்பே பணம் கட்ட வேண்டியிருந்தால் இன்னொரு 15,000. சம்பளம், வாடகை, வண்டிச் செலவு எதுவும் இதில் இல்லை.

விற்பனை இரட்டிப்பானால் பள்ளமும் இரட்டிப்பாகும். பொருள் நன்றாக ஓடும்போதே நிறுவனம் மூச்சுத் திணறுவது இதனால்தான். கடன் தேடும் முன் தவணை விதிகளை மாற்றிப் பாருங்கள். முன்பணம் 35, தவணைக் காலம் 12 மாதம் என்றால் அதே 50 தொகுப்புகளுக்கு 24,000 பள்ளம் ஏறத்தாழ 12,700 ஆகச் சுருங்கும். ஆனால் 35 டாலர் முன்பணம் கட்ட முடியாத ஏழை வீடுகள் அத்தோடு வாசலுக்கு வெளியே நின்றுவிடும். யாருக்காகத் தொழில் தொடங்கப்பட்டதோ அவர்களையே இழக்கும் விலை அது. அறுவடைக்குப் பின் பெரிய தவணை, நடுவில் சிறு தவணை என்று வருமானம் வரும் காலத்தோடு பொருத்துவது பல இடங்களில் மேலான வழி.

வாடிக்கையாளர் தர வேண்டிய இந்தத் தவணைகளே ஈடாகவும் நிற்க முடியும். வங்கதேசத்தில் 2003-இல் தொடங்கிய சூரிய வீட்டுத் திட்டத்தில் இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் செய்தது இதுதான். களத்தில் இருந்த கூட்டு அமைப்புகள் முதலில் தவணைக்கு விற்றுப் பொருத்தின. ஆய்வுக்குப் பிறகு அந்தத் தவணைக் கடன்களின் பெரும் பகுதியை இட்கால் அந்த அமைப்புகளுக்கு மறுகடனாக வழங்கியது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய விளக்கு போய்ச் சேர்ந்தது. கென்யாவில் 2012-இல் விற்பனை தொடங்கிய எம்-கோபா, கைப்பேசிப் பணத்தில் தினசரிக் கட்டணம் வாங்கி, கட்டாவிட்டால் கருவியைத் தொலைவிலிருந்தே நிறுத்தும் முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. நிலப்பத்திரம் இல்லாத இளைஞரிடமும் இப்படி ஒரு வசூல் வரலாறு இருக்கலாம்.

அந்த வரலாற்றை எப்படிக் காட்டுவது என்பதில்தான் அடுத்த சறுக்கல். "எங்கள் வசூல் 96 விழுக்காடு" என்று ஒற்றை எண் சொன்னால் அனுபவமுள்ள கடன் அதிகாரி நம்பமாட்டார். வேகமாக வளரும் நிறுவனத்தில் புதுக் கடன்கள் இன்னும் கெட்டுப்போக நேரமே ஆகவில்லை. அவை கூட்டுத்தொகையைப் பெருக்கி, பழைய கடன்களின் அழுகலை மறைக்கும். எனவே விற்ற மாதவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்: ஜனவரியில் விற்றவற்றில் ஆறாம் மாதம் எவ்வளவு வந்தது, பன்னிரண்டாம் மாதம் எவ்வளவு. கூடவே, 30 நாளுக்கு மேல் தவணை தவறியவர்களின் மொத்த நிலுவை மொத்தக் கடனில் எத்தனை விழுக்காடு என்பதையும் சேருங்கள். தவறிய தவணையை மட்டும் எடுக்கக் கூடாது. அந்த வாடிக்கையாளரின் முழு நிலுவையையும் எடுக்க வேண்டும். இந்த இரண்டு அட்டவணைகளும் 40 பக்க வணிகத் திட்டத்தைவிடக் கனமானவை.

அடுத்தது நாணயம். டாலர் கடன் 10 விழுக்காடு, உள்ளூர் நாணயக் கடன் 22 விழுக்காடு என்றால் முதலாவது மலிவாகத் தெரியும். வருமானமோ உள்ளூர் நாணயத்தில். அது டாலருக்கு எதிராக 30 விழுக்காடு மதிப்பு இழந்தால், 100 ஆக இருந்த கடன் உள்ளூர் கணக்கில் 143 ஆகும், வட்டியோடு 157. நைஜீரியாவில் 2023 ஜூன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 460 நைரா. 2024 பிப்ரவரியில் 1,400-ஐத் தாண்டிவிட்டது. 10,000 டாலர் கடன் 46 லட்சம் நைராவிலிருந்து 1.4 கோடி நைராவுக்குப் போனது. இந்த அபாயத்தை ஏற்பதற்காகவே 2007-இல் டி.சி.எக்ஸ் என்ற நிதி அமைப்பு உருவாக்கப்பட்டது. சிறு தொழில்முனைவோர் அதை நேரடியாக அணுக முடியாது, ஆனால் கடன் தரும் நிறுவனத்திடம் "உள்ளூர் நாணயத்தில் தர முடியுமா, நாணயச் சரிவுக்கு எதிரான காப்புச் செலவு எவ்வளவு?" என்று கேட்கலாம். கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வட்டியிலும் ஒரு கண் வேண்டும். 1,000 டாலருக்கு 20 விழுக்காடு நிலைவட்டி, 12 மாதம் என்றால் மாதம் 100 கட்டுவீர்கள். அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு அசலுக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி சுமார் 35 விழுக்காடு. விற்பனையில் பங்கு தரும் கடனில் இது வேறு வடிவம் எடுக்கும். 20,000 வாங்கி, மாத விற்பனையில் 5 விழுக்காடாக 30,000 திருப்பும் ஒப்பந்தம் என்று வைப்போம். மாத விற்பனை 12,000 என்றால் 50 மாதம். 25,000 என்றால் 24 மாதம். அதே 10,000 கூடுதலைப் பாதிக் காலத்தில் கட்டுகிறீர்கள். வேகமாக வளர்ந்தால் பணம் விலையேறும். விற்பனை விழும் மாதத்தில் சுமையும் குறைவதுதான் அதற்கு ஈடான நன்மை.

மானியம் என்றால் இலவசப் பணம் என்று நினைக்கிறோம். பல மானியங்கள் செலவு செய்த பிறகு ரசீதுக்குத்தான் தரப்படும். விளைவு அடிப்படையிலான நிதியோ பொருள் பொருத்தி, சரிபார்ப்பு முடிந்த பிறகு. சரிபார்ப்பு மாதக்கணக்கில் இழுக்கும். அந்த இடைவெளிக்கும் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடச் செலவை ஓட்டும் பணம், வேண்டும். முதல் விற்பனையிலிருந்தே கருவி வரிசை எண், வாடிக்கையாளர் கைப்பேசி எண், பொருத்திய இடம், நாள் நான்கையும் பதிவு செய்யுங்கள். பிற்பாடு திரும்பிப் போய்ச் சேகரிக்க நினைத்தால் பாதிக் கைப்பேசி எண்கள் மாறியிருக்கும்.

கார்பன் வரவை (குறைத்த கரியமில வாயுவைக் கணக்கிட்டு விற்றுக் கிடைக்கும் பணத்தை) கடன் கட்டும் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பதிவு, அளவீடு, தணிக்கை என்று காலமும் செலவும் பிடிக்கும், விலையும் நிலையற்றது. மேம்பட்ட சமையல் அடுப்புகளுக்கான வரவுகள் உண்மையான உமிழ்வுக் குறைப்பைவிடச் சராசரியாக ஒன்பது மடங்கு மிகைப்படுத்தப்பட்டதாக 2024-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. வந்தால் கூடுதல், வராவிட்டாலும் தவணை கட்ட முடிய வேண்டும்.

எங்கே போவது? நுண்கடன் நிறுவனத்துக்கு 30,000 டாலர் மிகப் பெரிது. சர்வதேச முதலீட்டு நிதிகளுக்கு மிகச் சிறிது. 50,000-க்கும் 50 லட்சத்துக்கும் வழக்கறிஞர் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தர 2010-இல் நிறுவப்பட்ட பசுமைக் காலநிலை நிதியம், அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் வழியாகவே பணம் அனுப்புகிறது. நேரே எழுதிப் பயனில்லை. உங்கள் நாட்டில் அந்த அங்கீகாரம் பெற்ற வங்கி எது, அதன் பசுமைக் கடன் திட்டம் எது என்று தேடுங்கள். அங்கே கடன் உத்தரவாதமும் இருக்கலாம். கடன் கெட்டால் இழப்பின் ஒரு பகுதியை உத்தரவாத அமைப்பு வங்கிக்கு ஈடுகட்டும். கடன் வாங்கியவரின் பொறுப்பு ஒரு காசும் குறையாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு தவணையை நிறுத்தியவர்களின் பெயர் கடன் பதிவேட்டில் கெட்டுப்போய், அடுத்த கடனுக்கு வழியே அடைபட்டுவிடுகிறது.

விண்ணப்பத்தோடு 12 மாத வங்கிக் கணக்கு, மாதவாரி வசூல் அட்டவணை, 24 மாதப் பண ஓட்டம், சப்ளையர் ஒப்பந்தம் ஆகியவை போதும். தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் ஓடினால் முதல் ஆவணமே செல்லாது. தனிக் கணக்கை இன்றே திறந்தால்தான் ஒரு வருடம் கழித்தாவது காட்ட ஏதாவது இருக்கும்.