கார் வராத ரோட்டுல ரெண்டு நாள்: அகேடியால நான் திரும்ப சைக்கிள் ஓட்டின கதை

ரெண்டு வருஷம் முன்னாடி வீட்டுப் பக்கத்துல சைக்கிள்ல போயிட்டு இருக்கும்போது, ஓரமா நின்ன கார்ல இருந்து ஒருத்தர் பின்னாடி பாக்காம கதவைத் தொறந்துட்டார், நான் நேரா அதுல மோதி விழுந்து இடது மணிக்கட்டு உடைஞ்சு ஆறு வாரம் கட்டு. கை சரியாயிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் பின்னாடி கார் சத்தம் கேட்டாலே தோள் ரெண்டும் இறுகிடும், அதனால சைக்கிளைத் தொடாமயே இருந்தேன்.

பாஸ்டன்ல இருக்குற தம்பிதான் போன செப்டம்பர்ல, "அக்கா, உனக்குக் கார்தானே பயம், சைக்கிள் இல்லையே, கார் வராத ரோட்டுக்குப் போவோம் வா"ன்னு கூப்பிட்டான். அமெரிக்காவோட மெய்ன் மாநிலத்துல, மவுண்ட் டெசர்ட் தீவுல இருக்குற அகேடியா நேஷனல் பார்க். பாஸ்டன்ல இருந்து கார்ல அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும். அங்க கேரியேஜ் ரோடுன்னு சொல்றது குதிரை வண்டிக்காகப் போட்ட சரளை ரோடு. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர்ங்கற பெரிய பணக்காரர் தன் சொந்தப் பணத்துல 1913-ல ஆரம்பிச்சு 1940 வரைக்கும் போட வெச்சார், தீவுக்குள்ள மோட்டார் வண்டி வர ஆரம்பிச்ச நேரத்துல அது நுழையாம காட்டுக்குள்ள குதிரையில போக ஒரு வழி வேணும்னு அவருக்கு ஆசை. இப்ப பார்க் எல்லைக்குள்ள மட்டும் 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். இன்னைக்கும் அதுல கார் போக முடியாது. நடக்குறவங்க, சைக்கிள், குதிரை, அவ்வளவுதான்.

போறதுக்கு முன்னாடி என்ன பண்ணோம்னு சொல்லிடறேன், ஏன்னா எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தா பாதி பதட்டம் குறைஞ்சிருக்கும். பார்க் பாஸ் கண்டிப்பா வாங்கணும், நாங்க போனப்ப காருக்கு 35 டாலர், ஏழு நாளைக்கு. நாங்க ஓட்ட ஆரம்பிக்க இருந்த ஈகிள் லேக்ங்கற ஏரிப் பக்கம் பார்க்கிங் கிடைக்கவே கிடைக்காது, அதனால பார் ஹார்பர்ங்கற ஊர்ல காரை விட்டுட்டு ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர் பஸ்ஸைப் பிடிச்சோம். அது இலவசம். ஊர் நடுவுல இருக்குற வில்லேஜ் க்ரீன்ல இருந்து சைக்கிளை டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு ஈகிள் லேக் வரைக்கும் கொண்டு விடுறாங்க, கோடைல இருந்து செப்டம்பர் வரைக்கும் இந்த சர்வீஸ் உண்டு. ஊருல இருந்து லேக் வரைக்கும் கார் ரோட்டுல மேடு ஏறி ஓட்ட வேண்டாங்கறதுதான் எனக்கு அதுல பெரிய நிம்மதி. எலெக்ட்ரிக் சைக்கிள் யோசிக்கிறவங்க கவனிங்க, பெடல் போட்டா மட்டும் மோட்டார் உதவுற கிளாஸ் 1 வகைக்குத்தான் அனுமதி.

சைக்கிள் ரெண்டும் வாடகைக்கு எடுத்தோம். 40 மில்லிமீட்டர் டயர் போட்ட கிராவல் பைக், அதாவது சரளை ரோட்டுக்கான சைக்கிள். சைஸ் சரியா பாத்துக் கொடுத்தாங்க, ஆனா டயர்ல காத்து தார் ரோட்டுக்கு அடிக்கிற மாதிரி கல்லு மாதிரி அடிச்சு வெச்சிருந்தாங்க, அது எங்களுக்கு அப்பத் தெரியலை.

இங்க வழி கண்டுபிடிக்க ஒரே ஒரு விஷயம் போதும். ரோடு பிரியற ஒவ்வொரு இடத்துலயும் மரக்கம்பத்துல ஒரு நம்பர் இருக்கும், அதே நம்பர் மேப்லயும் இருக்கும். போன் சிக்னல் நிறைய இடத்துல கிடையாது, அதனால தம்பி காகித மேப்ல எங்க வழியை நம்பரா எழுதி ஹேண்டில்பார்ல ஒட்டிட்டான்: 6, 7, 8, 10, 14, 16, 17, திரும்ப 7, 6. சுமார் 12 மைல்.

ஈகிள் லேக் ஓரமா முதல் ரெண்டு மைல் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு வார்த்தையில சொல்லத் தெரியலை. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் ஸ்ப்ரூஸ் மரம், கீழ டயர் சரளைல அரைபடற சத்தம் மட்டும். பின்னாடி தம்பி வர்ற சத்தத்துக்கே ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன். மூணாவது தடவை பாக்கலை.

ஏத்தம் 8-ல இருந்து 10 வரைக்கும். நீளமான ஏத்தம், ஆனா செங்குத்து இல்லை, குதிரை வண்டி இழுக்கணும்ங்கறதுக்காக மலையைச் சுத்திச் சுத்தி மெதுவா ஏத்திக் கொண்டு போயிருக்காங்க. சின்ன கியர்ல போட்டு உக்காந்தபடியே மிதிச்சா போதும், எழுந்து நின்னு மிதிச்சா பின் சக்கரம் சரளைல வழுக்குது. இந்த ரோட்டோட வேலைப்பாட்டை ஏறும்போதுதான் கவனிக்க முடிஞ்சுது. மூணு அடுக்கா கல்லு போட்டு, நடுவுல கொஞ்சம் மேடா வெச்சு, ரெண்டு பக்கமும் வாய்க்கால் விட்டு, மழைத் தண்ணி நிக்காம ஓடுற மாதிரி பண்ணியிருக்காங்க. முந்தின ராத்திரி நல்ல மழை, காலைல ரோட்டுல சேறே இல்லை. நூறு வருஷம் முன்னாடி போட்ட ரோடு! (வசந்த காலத்துல பனி உருகும்போது மட்டும் மேல்பகுதி ஊறி இளகிடும்ங்கறதால கொஞ்ச நாள் மூடி வைப்பாங்க, அந்த சமயம் போயிடாதீங்க.)

10 தாண்டி இறக்கம். இங்கதான் மாட்டினேன். பெனாப்ஸ்காட் மலைச் சரிவுல பெரிய பெரிய பாறை சரிஞ்சு கிடக்குற இடத்துக்குக் குறுக்கால ரோடு போகுது, ஜோர்டான் பாண்ட்ங்கற ஏரி ரொம்ப கீழ தெரியுது, ஓரத்துல தடுப்பா கிரானைட் கல்லை வரிசையா நட்டு வெச்சிருக்காங்க, அதுக்கு ராக்ஃபெல்லர் பல்லுன்னே பேரு. வளைவுக்கு நடுவுல பயந்து முன் பிரேக்கைப் பிடிச்சேன், முன் சக்கரம் பக்கவாட்டுல போச்சு. விழலை, காலை ஊனிட்டேன், ஆனா கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. பழைய ஞாபகம் எல்லாம் வந்து அந்தக் கல்லு மேலயே உக்காந்துட்டேன்.

தம்பி ஒண்ணும் சொல்லாம தண்ணி பாட்டிலைக் கொடுத்துட்டு என் டயரை அமுக்கிப் பாத்தான். "அக்கா, உன் மேல தப்பில்லை, இதுல காத்து ஜாஸ்தி, கல்லு மேல துள்ளிக்கிட்டு போகுது, பிடிமானமே இருக்காது"ன்னு ரெண்டு சக்கரத்துலயும் வால்வை அமுக்கிக் காத்தை இறக்கினான், கட்டைவிரலால அழுத்தினா கொஞ்சம் உள்ள போற அளவுக்கு. அப்புறம் சொன்னான், வளைவு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பிரேக்கையும் மெதுவா பிடிச்சு வேகத்தைக் குறைச்சிடு, வளைவுக்குள்ள பிரேக்கை விட்டுடு, சரளை குவிஞ்சு கிடக்குற ஓரத்துக்குப் போகாத, கண்ணு தூரத்துல இருக்கட்டும். கொஞ்ச தூரம் தள்ளிக்கிட்டு நடந்தேன். ஏறி உக்காந்தப்புறம் அதே ரோடு வேற மாதிரி இருந்துச்சு, சைக்கிள் தரையோட ஒட்டிக்கிட்டு போச்சு. டயர் காத்துல இவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு நான் நினைச்சதே இல்லை. சரளை ரோட்டுக்கு வாடகை சைக்கிள் எடுத்தா கிளம்பறதுக்கு முன்னாடி டயரை அமுக்கிப் பாருங்க.

ஜோர்டான் பாண்ட் ஹவுஸ்ங்கற ரெஸ்டாரன்ட்ல பாப்ஓவர் சாப்பிட்டோம், முட்டை, பால், மாவுல சுட்ட உள்ள வெறும் காத்து இருக்குற பெரிய பன், வெண்ணெய், ஸ்ட்ராபெரி ஜாமோட சூடா தர்றாங்க. 1890-கள்ல இருந்து அங்க இது வழக்கமாம். கொண்டு போன புளிசாதத்தை அதுக்கு முன்னாடியே தண்ணி ஓரத்துல காலி பண்ணியாச்சு.

அங்கிருந்து கிளம்பும்போது பேச்சு சுவாரசியத்துல கம்பத்து நம்பரைப் பாக்காம விட்டுட்டோம். கொஞ்ச தூரத்துல சைக்கிள் வரக்கூடாதுன்னு போர்டு. தெற்குப் பக்கம் சில ரோடு பார்க் எல்லைக்கு வெளிய தனியார் நிலத்துல போகுது, நடக்கலாம், குதிரைல போகலாம், சைக்கிளுக்கு அனுமதி இல்லை. திரும்பி வந்து 16-ஐப் பிடிச்சோம். 17 பக்கம் எதிர்ல குதிரை வண்டி வந்துச்சு. இறங்கி ஓரமா நின்னு, சத்தமா "குட் ஆஃப்டர்நூன்"னு சொன்னோம், மனுஷக் குரல் கேட்டா குதிரை மிரளாதாம். ஓட்டினவங்க சிரிச்சுட்டு கையைக் காட்டினாங்க.

அடுத்த நாள் ஹல்ஸ் கோவ்ல இருந்து விட்ச் ஹோல் பாண்ட் சுத்து. ஆரம்பத்துலயே நல்ல செங்குத்தான ஏத்தம், முக்கால்வாசி தள்ளிக்கிட்டுதான் போனேன். இந்தப் பக்கக் காடு முதல் நாள் பாத்த மாதிரி இருட்டா இல்லை, பிர்ச், ஆஸ்பென்னு வெளிச்சமான மரங்களா இருக்கு. 1947 அக்டோபர்ல பெரிய காட்டுத்தீ வந்து பார்க்ல மட்டும் 10,000 ஏக்கருக்கு மேல எரிஞ்சிருக்கு, எரிஞ்ச இடத்துல முளைச்சது இந்த மரங்க. தண்ணி ஓரத்துல மேப்பிள் அப்பவே செவக்க ஆரம்பிச்சிருந்துச்சு. டக் புரூக் பாலத்துல சைக்கிளைச் சாய்ச்சுட்டு ரொம்ப நேரம் கீழ ஓடை சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தோம்.

திரும்பி வரும்போது இறக்கத்துல பின்னாடி இருந்து ஒரு அம்மா "ஆன் யுவர் லெஃப்ட்"னு, அதாவது உன் இடது பக்கமா தாண்டிப் போறேன்னு, குரல் கொடுத்தாங்க. வலது பக்கம் ஒதுங்கினேன், அவங்க போனாங்க. தம்பி பக்கத்துல வந்து "அக்கா, நீ திரும்பியே பாக்கலை"ன்னான். அவன் சொன்னப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.